ஆர்-டைப் ஃபைனல் 2: எல்லாக் கருவிகளும் இருந்தும் பழைய இறுக்கம் ஏன் இல்லை?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஆர்-டைப் ஃபைனல் 2-ஐ வாங்கி ஒருமுறை முழுதாக முடித்துவிட்டீர்கள்; காட்சிகள் அழகாக உள்ளன, விண்கலங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் முதல் ஆர்-டைப்பை ஆடியபோது உள்ளங்கை வியர்த்ததுபோல் இதில் ஒரு தடவைகூட வியர்க்கவில்லை; மாறியது விளையாட்டா, நீங்களா என்று கேட்கிறீர்கள். உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல இயலாது. விளையாட்டு மாறியிருக்கிறது என்பதை மட்டும் தயக்கமின்றிச் சொல்லலாம், எந்த இடத்தில் மாறியது என்பதையும் விரல் வைத்துக் காட்டலாம். பக்கவாட்டில் நகரும் விண்வெளிச் சுடும் விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். இந்த வரிசையின் ஆர்கேட் பதிப்புகளும் வீட்டுக் கருவிப் பதிப்புகளும் கைப்பழக்கம் உள்ளவை. ஆகவே கலம் எப்படி நகர்கிறது, ஆயுதம் எப்படி இயங்குகிறது என்று நான் எழுதுவதை உறுதியானதாகவே எடுத்துக்கொள்ளலாம். உருவாக்கியவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எழுதும் இடங்களில் பெரும்பாலும் ஊகமே இருக்கும். அந்த இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். முன்னோடிகளிடம் இருந்த கருவிகளில் ஏறக்குறைய எல்லாமே ஃபைனல் 2-இல் உள்ளன. அந்தக் கருவிகளுக்கென்றே அளவெடுத்து வெட்டிய ஸ்டேஜ்கள்தாம் இல்லை. அதற்குக் காரணம் சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல என்றே கருதுகிறேன். ஒரே ஒரு கலத்துக்காக வரையப்படும் ஸ்டேஜும், தொண்ணூறுக்கும் மேற்பட்ட கலங்களில் எதில் வந்தாலும் கடக்கக்கூடியதாக வரையப்படும் ஸ்டேஜும் ஒரே இறுக்கத்தோடு அமைய முடியாது.

இதை விளக்க 1987-க்குப் போக வேண்டும், அதற்குச் சற்று முன்பும். 1981-இல் வந்த டிஃபென்டரும் ஸ்க்ராம்பிளும் இவ்வகைக்கு அடித்தளம் போட்டன. டிஃபென்டரில் இருபுறமும் பறக்கலாம். ஸ்க்ராம்பிளில் திரை தன் போக்கில் ஒரே திசையில் நகரும், நிலப்பரப்பே எதிரியாக நிற்கும். 1985-இல் கொனாமியின் கிரேடியஸ், சேகரிக்கும் காப்ஸ்யூல்களைக் கொண்டு எந்த ஆயுதத்தை எப்போது வாங்குவது என்ற முடிவை ஆடுபவர் கையில் கொடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஐரெம் நிறுவனம் ஆர்-டைப்பை வெளியிட்டபோது, எதிரியை எதனால் சுடுவது என்பதைவிட எங்கிருந்து சுடுவது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. ஃபோர்ஸ் என்ற அந்த உருண்டை செய்த வேலை அது.

ஃபோர்ஸை வெறும் பவர்-அப் என்று கணக்கிட்டால் ஆர்-டைப்பின் பாதி கண்ணில் படாமல் போய்விடும். முதல் படிகத்தை எடுத்தவுடன் அது திரையின் இடது ஓரத்திலிருந்து மிதந்து வரும். அதைக் கலத்தின் மூக்கில் பொருத்தலாம், வாலிலும் பொருத்தலாம். கழற்றி முன்னால் எறிந்துவிட்டுத் தனியாகச் சுட விடலாம். எதனாலும் அது அழியாது. சிறு தோட்டாக்களை அது தடுத்து நிறுத்தும், தொட்ட எதிரியைத் தேய்த்துக் கொல்லும். முன்னால் பொருத்தினால் பின்புறம் திறந்து கிடக்கும், பின்னால் பொருத்தினால் முன்புறம் திறந்து கிடக்கும், எறிந்துவிட்டால் இரண்டு பக்கமும் காப்பில்லாமல் நிற்பீர்கள். ஆனால் உங்களால் போக முடியாத இடத்துக்குள் அது போயிருக்கும். அடுத்த படிகங்கள் தரும் லேசர்களும் இடத்தைப் பொறுத்தவையே. நீலம் சுவர்களில் பட்டுத் தெறிக்கும், மஞ்சள் தரையையும் கூரையையும் ஒட்டி ஓடும், சிவப்பு முறுக்கிக்கொண்டு நேராகப் பாயும். குகைக்குள் நீலம் கையில் இருப்பதும் திறந்த வெளியில் சிவப்பு இருப்பதும் உயிரா சாவா என்ற வேறுபாட்டைத் தரும்.

இதோடு வேவ் கேனன் சேர்ந்தது. சுடும் பட்டனை அழுத்திப் பிடித்தால் திரையின் அடியில் உள்ள பட்டை நிறையும், விட்டால் பெரிய கதிர் பாயும். நிறையும் அந்த நேரத்தில் சாதாரணமாகச் சுட முடியாது. ஆகவே ஒவ்வொரு நொடியும் இப்போது சுடுவதா, பொறுத்திருப்பதா என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். செத்தால் செக்பாயின்ட் எனப்படும், ஸ்டேஜின் நடுவே குறித்துவைத்த மீள்தொடக்க இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதுவும் ஆயுதங்கள் அனைத்தையும் இழந்து வெறுங்கையோடு. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த இறுக்கத்தை உண்டாக்கின. விரல் வேகத்தைவிட மனப்பாடமும் முன்யோசனையும் அதிகம் தேவைப்பட்ட விளையாட்டு அது. முதல் பார்வையில் நடக்கவே முடியாததாகத் தோன்றும் ஓர் அறைக்குப் பெரும்பாலும் ஒரு விடை இருக்கும். பலமுறை செத்த பிறகு அது பிடிபடும்.

ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்போம். முதல் ஸ்டேஜின் முடிவில் வரும் டாப்கெராடாப்ஸ் என்ற பாஸ் திரையின் வலப்பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் வால் வளைந்து வளைந்து இடத்தைத் துழாவும், வயிற்றிலிருந்து சிறிய உயிர் ஒன்று தலை நீட்டித் தோட்டாக்களை உமிழும். அந்தச் சிறு தலைதான் அடிபடும் இடம். புதிதாக ஆடுபவர் அதன் நேர் எதிரில் நின்று வேவ் கேனனை நிறைத்து நிறைத்து விடுவார். தலை தோட்டா உமிழும் வேளையில் விலகுவார், மறுபடி எதிரில் வருவார். பழகியவர் செய்வது வேறு. எதிரில் சேர்ந்தவுடன் ஃபோர்ஸைக் கழற்றி நேராக வயிற்றுக்குள் எறிந்துவிடுவார். அது உள்ளே சிக்கி நின்று அந்தத் தலையைத் தேய்த்துக்கொண்டிருக்க, கலம் எட்டத்தில் நின்று பட்டையை நிறைக்கும். அந்தத் திரையில் வாலின் நீளம், வயிற்றின் உயரம், ஃபோர்ஸ் பாயும் வேகம், கலத்துக்கு மிஞ்சும் இடம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன. இந்தக் கலமும் இந்த ஃபோர்ஸும்தான் வரும் என்று தெரிந்த ஒருவரால் மட்டுமே அப்படி வரைய முடியும்.

மூன்றாவது ஸ்டேஜ் முழுவதுமே ஒரே போர்க்கப்பல். திரைக்குள் அடங்காத அதன் உடலைச் சுற்றி வந்து பீரங்கிகளையும் எஞ்சின்களையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஃபோர்ஸை எந்தப் பக்கம் பொருத்தியிருக்கிறீர்கள் என்பது அங்கே கப்பலின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். நான்காவதில் எதிரிகள் விட்டுச் செல்லும் பச்சைக் கழிவு வழியை அடைத்துக்கொண்டே வரும், சுட்டுச் சுட்டுப் பாதை வெட்ட வேண்டும். ஆறாவதில் பெரிய கட்டைகள் குறுகிய சந்துகளில் தமக்கென வகுத்த தடத்தில் ஓடும். வேக ஊக்கியை அளவுக்கு மீறி எடுத்துவிட்டவர் அங்கே சுவரில் மோதிச் சாவார். வேகத்தைக் குறைக்க வழி கிடையாது என்பதால், எத்தனை எடுப்பது என்பதே முன்கூட்டி எடுக்க வேண்டிய முடிவாக இருந்தது. சின்ன விஷயம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். 1989-இல் வந்த ஆர்-டைப் II, வேவ் கேனனுக்கு இரண்டாவது நிறைவு நிலையைச் சேர்த்தது. நிறைத்துப் பிடித்துச் சரியான நேரத்தில் விட்டால் கதிர் சிதறி வெடிக்கும். 1991-இன் சூப்பர் ஆர்-டைப், சூப்பர் நின்டெண்டோவில் வந்தது. திரை அடிக்கடி திணறியது, அதைவிடக் கொடுமையாக ஸ்டேஜின் நடுவே செக்பாயின்ட் என்பதே இல்லை. பாஸிடம் செத்தாலும் ஸ்டேஜின் முதலடிக்கே திரும்ப வேண்டும். 1992-இன் ஆர்-டைப் லியோ இருவர் சேர்ந்து ஆடக்கூடியது. அதில் ஃபோர்ஸ் இல்லை என்பதால் இந்த வரிசையின் சொந்தக்காரன்போல் அல்லாமல் விருந்தாளிபோலவே இன்றுவரை தோன்றுகிறது. 1993-இன் ஆர்-டைப் III-ஐ இரட்டைப் பரிமாண ஆர்-டைப்பின் உச்சம் என்று சொல்வேன். மூன்று வகை ஃபோர்ஸ்களில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். ஹைப்பர் என்ற வேவ் கேனன் முறையில் சில நொடிகள் கொடூரமான வலிமை கிடைக்கும், அதன் பிறகு கலம் சூடேறிவிடும், கொஞ்ச நேரம் வேவ் கேனனைப் பயன்படுத்த முடியாது. தேர்வு என்ற ஒன்று இந்த வரிசைக்குள் முதன்முதலாக நுழைந்த இடம் அது. மூன்றே மூன்று ஃபோர்ஸ்கள் என்பதால், மூன்றையும் மனத்தில் வைத்து ஸ்டேஜ்களை வரைய முடிந்தது.

1998-இல் பிளேஸ்டேஷனில் வந்த ஆர்-டைப் டெல்டா பலகோண முப்பரிமாணத்துக்கு மாறியது, ஆட்டத்தை மட்டும் பழைய இருபரிமாணத் தளத்திலேயே வைத்துக்கொண்டது. தொடக்கத்தில் மூன்று கலங்கள். ஒன்றின் ஃபோர்ஸ் நமக்குப் பழகியது. இன்னொன்றின் ஃபோர்ஸ் இரு கைகளை நீட்டும். மூன்றாவதன் ஃபோர்ஸ் ஒளிக்கயிற்றில் கட்டிய நங்கூரம்போல் எதிரியைக் கவ்விப் பிடிக்கும். டோஸ் என்ற அளவுமானியும் இதில்தான் வந்தது. ஃபோர்ஸ் எதிரியையும் தோட்டாவையும் தொடத் தொட அது நிறையும்; நூறு விழுக்காடு எட்டினால் திரையையே துடைக்கும் சிறப்புத் தாக்குதல் ஒன்றைப் பயன்படுத்தலாம். ஃபோர்ஸை ஆபத்தான இடத்துக்குள் தள்ளும் துணிச்சலுக்கு அளித்த கூலி அது, நல்ல யோசனை. இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கலத்தின் வேகத்தைத் தோள் பட்டன்களால் எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை வேக ஊக்கியை எடுப்பது என்று மேலே சொன்ன அந்தக் கணக்கு அன்றோடு முடிந்துபோனது. டெல்டாவில் அது உறுத்தவில்லை, ஏனென்றால் அதன் ஸ்டேஜ்கள் நாம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்போம் என்று எதிர்பார்த்து வரையப்பட்டவை.

2003-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த ஆர்-டைப் ஃபைனலோடு திசை மாறியது. 101 கலங்கள். வழிகள் பிரிந்தன, முடிவுகள் பலவாயின. ஆடி ஆடிக் கலங்களைத் திறந்து, அவற்றை ஒரு காட்சிக்கூடத்தில் வரிசையாக நிறுத்திப் பார்ப்பதே ஆட்டத்தின் பெரும்பகுதியாயிற்று. அதன் தொனி விடைபெறும் தொனி: மெதுவான நகர்வு, மங்கிய நிறங்கள், எல்லாம் நடந்து முடிந்த இடத்தில் தாமதமாக வந்து சேர்ந்த உணர்வு. எதிரியான பைடோவாகவே நாம் மாறிவிடும் முடிவும் அதில் உண்டு. அதை மனம் நிறைந்து விரும்புபவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன்தான். அதை விரும்புவது வேறு, முதல் ஆர்-டைப்பை விரும்புவது வேறு. ஒரு கலத்தை எடுத்துக்கொண்டு ஒரு புதிரை அவிழ்க்கும் விளையாட்டு, நூறு கலங்களைச் சேகரிக்கும் விளையாட்டாக ஆகிவிட்டிருந்தது.

ஆகவே ஃபைனல் 2-ஐ எடைபோடும்போது நீங்கள் எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும். 2011-இல் ஐரெம் விளையாட்டு உருவாக்கத்திலிருந்து ஒதுங்கிய பின், அங்கிருந்து வந்த குஜோ கஸுமா தலைமையில் கிரான்ஸெல்லா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003-இன் ஃபைனலை உருவாக்கியதில் குஜோவுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2019 ஏப்ரல் 1 அன்று ஃபைனல் 2-ஐ அறிவித்தார்கள். ஐரெம் காலத்திலிருந்தே ஏப்ரல் முதல் தேதி வேடிக்கைகளுக்குப் பேர்போனவர்கள் என்பதால் பலர் நம்பவில்லை. பிறகு கூட்டுநிதி திரட்டி, அன்ரியல் என்ஜின் 4 கொண்டு உருவாக்கி, 2021 ஏப்ரல் இறுதியில் வெளியிட்டார்கள். ஆகவே இது 1987-இன் நேர் வாரிசு அல்ல, 2003-இன் வாரிசு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் உங்கள் ஏமாற்றத்தின் பாதி விளங்கிவிடும். அதன் காட்சிக்கூடம், கலங்களின் வம்சாவளி, ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கும் உருவாக்கம், வண்ணம் பூசி முத்திரை ஒட்டும் வசதி ஆகிய எல்லாமே 2003-இல் விட்ட இடத்திலிருந்து தொடர்பவை. ஸ்டேஜ்களை ஆடினால் மூன்று வகைக் கனிமங்கள் சேரும், அவற்றைச் செலவழித்துப் புதுக் கலங்களை உருவாக்கலாம். இலக்கு 99 கலங்கள். வெளியான நாளில் அத்தனையும் இருக்கவில்லை, பின்னர் வந்த புதுப்பிப்புகளில்தான் நிரம்பின.

இனி அந்த இறுக்கத்துக்கு வருவோம். ஃபைனல் 2-இன் கலங்களுக்குள் வேவ் கேனன் ஒரே மாதிரி இல்லை. ஒன்றன் கதிர் நேராகப் பாயும், இன்னொன்றன் கதிர் சிதறும், வேறொன்று அருகில் உள்ளதை மட்டும் குத்தும். ஃபோர்ஸ்களின் குணமும் லேசர்களின் வடிவமும் அப்படியே மாறுகின்றன. நீங்கள் ஸ்டேஜை வரைபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெறிக்கும் லேசர் இல்லாமல் கடக்கவே முடியாத குகையை உங்களால் வைக்க இயலாது, ஏனென்றால் அப்படியொரு லேசரே இல்லாத கலத்தில் ஒருவர் வருவார். ஃபோர்ஸை எறிந்து உள்ளே சிக்கவைத்தால்தான் சாகும் பாஸையும் வைக்க இயலாது, கயிற்றில் கட்டிய ஃபோர்ஸோடு இன்னொருவர் வருவார். எந்தக் கலத்தில் வந்தாலும் ஒரு வழி இருக்க வேண்டும் என்றால் சந்துகளை அகலமாக்க வேண்டும், எதிரிகளுக்கிடையே இடைவெளி விட வேண்டும், பாஸின் பலவீனத்தை எட்டக்கூடிய பொது இடத்தில் வைக்க வேண்டும். எல்லோருக்கும் பொருந்தத் தைத்த சட்டை யாருக்கும் கச்சிதமாக இருக்காது. ஃபைனல் 2-இன் சில பகுதிகளில் எதிரி வருவதற்கும் அடுத்தவன் வருவதற்கும் நடுவே தென்படும் வெறுமைக்கு இதுவே வேர் என்பது என் மதிப்பீடு.

இதன் மறுபக்கத்துக்குச் சான்றாகக் கிரேடியஸ் V-ஐப் பாருங்கள். 2004-இல் கொனாமிக்காக ட்ரெஷர் நிறுவனம் உருவாக்கியது. முப்பரிமாணக் காட்சிக்கு அதுவும் மாறியது, பழைய வரிசையின் தொடர்ச்சியாகத்தான் அதுவும் வந்தது. ஆனால் கலம் ஒன்றே. ஆப்ஷன் என்று பெயர் பெற்ற, கலத்தோடு கூட வந்து சுடும் துணை உருண்டைகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதில் மட்டும் நான்கு வகைத் தேர்வு: நிறுத்தி வைக்கலாம், திசை திருப்பலாம், அகல விரிக்கலாம், சுற்றவிடலாம். அந்த நான்கையும் மனத்தில் கொண்டு வரைந்த ஸ்டேஜ்கள் அதில் மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கமாக உள்ளன. செத்தால் அதே இடத்தில் உயிர்பெறும் வசதியைக் கொடுத்தும்கூட அந்த இறுக்கம் குறையவில்லை. ஆகவே புதிய தொழில்நுட்பமோ ஆடுபவருக்கு இரங்குவதோ இறுக்கத்தைக் கெடுப்பதில்லை. கலங்களின் எண்ணிக்கை கெடுக்கிறது.

இரண்டாவது காரணம் திரையின் வடிவம். இது முற்றிலும் உறுதியானது. முதல் ஆர்-டைப் 384-க்கு 256 புள்ளிகள் கொண்ட படத்தை 4:3 திரையில் காட்டியது. வலது விளிம்பில் எதிரி தோன்றி உங்களை வந்தடையும் தூரம் குறைவு, மேலும் கீழும் விலக இடம் உண்டு. இன்றைய 16:9 திரையில் அகலம் கூடிவிட்டது. அதே நகர்வு வேகத்தில் எதிரி கண்ணில் பட்டு உங்களை நெருங்கும் வரை அதிக நேரம் கிடைக்கும், அதனால்தான் எல்லாம் மெதுவாக நடப்பதுபோல் தோன்றுகிறது. இதை ஈடுகட்ட ஒன்று நகர்வை விரைவாக்க வேண்டும், அல்லது அந்த அகலத்தை நிரப்பும் எதிரிகளைக் கொண்டுவர வேண்டும். டேரியஸ் வரிசை பிந்தைய வழியில் போனது. 2010-இன் ஆர்கேட் டேரியஸ்பர்ஸ்ட் இரண்டு அகலத் திரைகளைப் பக்கம் பக்கமாக வைத்தது, ஆனால் அந்த நீளத்தை நிரப்பும் அளவுக்குப் பெரிய மீன்வடிவ பாஸ்களை அதற்குள் விட்டது. ஃபைனல் 2 பல இடங்களில் இந்த இரண்டையுமே செய்யவில்லை.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படும் தெளிவு. பழைய புள்ளிப் படங்களில் எது சுவர், எது பின்னணி என்பதில் ஐயமே எழாது. கறுப்பு வெளியில் எதிரி தெளிவாகத் தனித்துத் தெரிவான். முப்பரிமாணக் காட்சியில் ஒரு குழாயின் வளைவு உங்கள் தளத்துக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, அதே தளத்தில் இருக்கிறதா என்பது சில நேரம் மோதிய பிறகுதான் தெரியும். அப்படிச் சாகும் சாவு எதையும் கற்றுத் தருவதில்லை. டெல்டாவிலும் இது ஓரளவு உண்டு. ஃபைனல் 2-இல் ஒளியும் புகையும் கூடியிருப்பதால் இன்னும் கூடுதல். அதன் பின்னணிகள் தம்மளவில் அழகானவை என்பதையும் சொல்ல வேண்டும். நின்று பார்க்க விடுவதில்லை என்பதுதான் கோளாறு, ஆனால் அது இவ்வகை விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் உள்ளதே.

செக்பாயின்ட் முறையை அவர்கள் விட்டுவிடவில்லை. செத்தால் பின்னால் போக வேண்டும், ஆயுதங்களையும் இழக்க வேண்டும். இதைச் சிலர் காலத்துக்கு ஒவ்வாதது என்கிறார்கள். நான் உடன்படவில்லை. வெறுங்கையோடு மீள்வது எப்படி என்பதும் புதிரின் ஒரு பகுதி. முதல் ஆர்-டைப்பில் ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்கும் மீள ஒரு தனிவழி உண்டு, அதைக் கண்டுபிடிப்பது தனி இன்பம். ஃபைனல் 2-இல் அந்தத் தண்டனை இருக்கிறது, அதற்கு ஈடான அந்தத் தனிவழி எல்லா இடத்திலும் இல்லை. அதனால்தான் அதே விதி இங்கே எரிச்சலாகப் படுகிறது.

குறைகளை மட்டும் அடுக்கினால் நியாயமாகாது. கடினத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியில் ஃபைனல் 2 முன்னோடிகள் எல்லாவற்றையும் விட மேலானது. பயிற்சிக்கும் சிறுவர்களுக்கும் என்று தனி நிலைகள் தொடங்கி, சாதாரணம், பைடோ, ஆர்-டைப்பர் என்று ஏறிச் செல்கிறது. ஆர்கேட் எந்திரத்தின் முதல் ஸ்டேஜைக்கூடத் தாண்ட முடியாமல் விலகிப் போனவர்களை இது உள்ளே அழைத்து வருகிறது. மேல்நிலைகளுக்குப் போகும்போது எதிரிகள் நெருங்குகிறார்கள், தோட்டாக்கள் கூடுகின்றன, நான் மேலே சொன்ன வெறுமையில் கணிசமான பகுதி நிரம்பிவிடுகிறது. நீங்கள் ஒருமுறை முடித்தது எந்த நிலையில் என்று சொல்லவில்லை. சாதாரண நிலையிலோ அதற்குக் கீழேயோ என்றால் பாதி விளையாட்டை இன்னும் பார்க்கவில்லை என்றே சொல்வேன். கலங்களைப் பொறுத்தவரையிலும், ஒவ்வொன்றும் வெறும் வேறு தோல் அல்ல. ஒரே ஸ்டேஜை இரண்டு வேறுபட்ட கலங்களில் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால், ஓரிடத்தில் வியர்க்க வைத்த எதிரி மற்றொன்றில் பொருட்டாகவே இல்லாமல் போவதைக் காணலாம். ஒரு ஸ்டேஜின் இறுக்கத்தை இழந்ததற்கு ஈடாக அதே ஸ்டேஜைப் பலவாறாகக் காணும் வாய்ப்பு கிடைக்கிறது. அந்தப் பேரம் உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்பது உங்கள் மனப்போக்கைப் பொறுத்தது. எனக்குப் பாதிதான் கட்டுப்படியாகிறது.

நான் ஊகம் என்று ஒதுக்கி வைப்பது ஒன்றை. மெதுவான நகர்வும் வெற்றிடங்களும் வேண்டுமென்றே 2003-இன் தொனியைத் தொடர வைத்தவையா, அல்லது கூட்டுநிதியில் இயங்கிய சிறு குழுவின் நேரக் குறைவால் நேர்ந்தவையா? விளையாட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் உள்ளிருந்தே தடயங்கள் உண்டு. கலங்களின் வடிவமைப்பிலும் அவற்றைப் பற்றிய குறிப்புகளிலும் கொட்டியிருக்கும் உழைப்பைப் பார்த்தால், குழுவின் மனம் எங்கே இருந்தது என்பது தெரிகிறது. பழைய விளையாட்டுகளின் ஸ்டேஜ்களை மீட்டுருவாக்கிக் கட்டணக் கூடுதல்களாகத் தந்திருப்பதைப் பார்த்தால், இறுக்கமான ஸ்டேஜ்களின் அருமை அவர்களுக்குத் தெரியாமலில்லை என்பதும் தெரிகிறது. 2023-இல் பிளேஸ்டேஷன் 5-இல் புதிய ஸ்டேஜ்களைச் சேர்த்து ஆர்-டைப் ஃபைனல் 3 எவால்வ்ட் என்று வெளியிட்டார்கள். அதிலும் அடிப்படைப் போக்கு இதுவே என்பதால், உங்கள் குறை அதனால் தீராது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலில் தொலைக்காட்சியில் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே உண்டாகும் தாமதம் இவ்வகை விளையாட்டைப் பாழாக்கிவிடும். குழாய்த் திரையில் பழகிய கைக்கு அது இன்னும் உறைக்கும். அடுத்து, கலங்களை மாற்றாதீர்கள். முதல் விளையாட்டின் கலமான ஆர்-9ஏ ஆரோ-ஹெட்டை எடுத்துக்கொண்டு, பைடோ நிலையில், தொடக்கம் முதல் முடிவு வரை அதிலேயே ஆடுங்கள். வேகத்தையும் ஸ்டேஜின் தொடக்கத்தில் ஒன்றாக வைத்துவிட்டுத் தோள் பட்டன்களைத் தொடாதீர்கள். தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் இந்தக் கட்டுப்பாடு, நூறு கலங்களால் தளர்ந்த கயிற்றை ஓரளவு முறுக்கிவிடும். அப்படி ஆடியும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் ரசனை 2003-க்கு முற்பட்டது என்று வைத்துக்கொண்டு, முதல் இரண்டையும் மறுவடிவில் தந்த ஆர்-டைப் டைமென்ஷன்ஸுக்குப் போகலாம். அதில் பழைய புள்ளிப் படத்துக்கும் புதிய முப்பரிமாணக் காட்சிக்கும் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாறலாம் என்பதால், தெளிவைப் பற்றி நான் மேலே எழுதியதை உங்கள் கண்ணாலேயே சோதித்துக்கொள்ளலாம். முதல் ஸ்டேஜிலேயே, டாப்கெராடாப்ஸின் வாலுக்குக் கீழே நின்றபடி மாற்றிப் பாருங்கள்.